வெளிச்சம் தாராளம், கறுப்பு தட்டுப்பாடு: வீட்டு லேசர் புரொஜெக்டரின் கணக்கு

வீட்டு சினிமா புரொஜெக்டரில் லேசருக்கு உள்ள வேலை ஒன்றே ஒன்றுதான்: பழைய விளக்கு இருந்த இடத்தில் உட்கார்ந்து ஒளி தருவது. அந்த ஒளியைப் படமாக்குவது உள்ளே இருக்கும் சிப். திரைக்குக் கொண்டுபோவது லென்ஸ். கண்ணுக்கு அது கடைசியில் எப்படித் தெரியும் என்பதைத் திரையும் அறையும் முடிவு செய்கின்றன. இத்தனை பேர் சேர்ந்து செய்யும் வேலையில் முதல் ஆளின் பெயரை மட்டும் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்பதால், லேசர் என்றாலே படம் பிரமாதமாக இருக்கும் என்ற எண்ணம் பரவிவிட்டது. ஒரே வகை லேசர் பொருத்திய இரண்டு கருவிகளில் ஒன்று இரவு வானத்தைச் சாம்பல் நிறத்திலும் மற்றொன்று மைக்கறுப்பிலும் காட்டுவது இந்தச் சந்தையில் சாதாரணம்.

விளக்கிலிருந்து லேசருக்கு

லேசருக்கு முன் சுமார் இருபது ஆண்டுகள் வீட்டுப் புரொஜெக்டர்களுக்கு ஒளி கொடுத்தது உயர் அழுத்தப் பாதரச விளக்கு. பிலிப்ஸ் நிறுவனம் 1990-களின் நடுவில் சந்தைக்குக் கொண்டுவந்த வகை அது. சின்னஞ்சிறு கண்ணாடிக் குமிழுக்குள் கடும் அழுத்தத்தில் பாதரச ஆவி ஒளிரும். வெளிச்சத்துக்குக் குறையில்லை, மற்ற எல்லாவற்றுக்கும் குறைதான். சிவப்பு நிறம் சோகையாக இருக்கும். போட்டவுடன் முழு ஒளி வராது. அணைத்த பிறகும் விசிறி சிறிது நேரம் ஓடி விளக்கைக் குளிர்விக்க வேண்டும். படம் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் அந்தக் குளிர்ச்சி கிடைக்காமல் விளக்கின் ஆயுள் கரையும். 3,000 முதல் 5,000 மணி நேரத்தில் விளக்கை மாற்ற வேண்டும் என்று கையேடு சொல்லும். அதற்கு வெகு முன்பே, முதல் சில நூறு மணி நேரத்திலேயே வெளிச்சம் இறங்கத் தொடங்கிவிடும் என்பதைக் கையேடு அவ்வளவு சத்தமாகச் சொல்லாது. பொங்கலுக்கு அளவுக் கருவி வைத்துச் சரிசெய்த நிறம் தீபாவளிக்குள் மாறியிருக்கும்.

நீல லேசர் டயோடு மலிவானபோது நிலைமை மாறியது. நீல ஒளி தரும் எல்இடிக்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே காலியம் நைட்ரைடு தொழில்நுட்பத்தின் வழிவந்ததுதான் புரொஜெக்டருக்குள் இருக்கும் நீல லேசர். 2010-ல் கேசியோ நிறுவனம் லேசரையும் எல்இடியையும் கலந்து, பாதரசமே இல்லாத புரொஜெக்டர்களை வெளியிட்டது. அவை அலுவலகங்களையும் பள்ளிகளையும் குறிவைத்தவை. வீட்டு சினிமா ரசிகர்களுக்கு எப்சன் 2014-ல் எல்எஸ்10000-ஐயும், சோனி 2015-ல் 5,000 லூமென் தரும் விடபிள்யூ5000இஎஸ்ஸையும், ஜேவிசி 2016-ல் இசட்1-ஐயும் கொடுத்தன. சோனி கருவியின் அப்போதைய அமெரிக்க விலை 60,000 டாலர். ஏழாண்டுகள் கழித்து, 2022-ல் எப்சனின் எல்எஸ்12000 அங்கே 4,999 டாலருக்கு வந்தது. லேசர் நடுத்தர விலைக்கு இறங்கிய கதை இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது.

ஆயுள்தான் லேசரின் மறுக்க முடியாத லாபம். பெரும்பாலான நிறுவனங்கள் 20,000 மணி நேரம் என்று குறிப்பிடுகின்றன. சில 25,000 என்கின்றன. தினமும் மூன்று மணி நேரம் ஓட்டினாலும் 20,000 மணி நேரம் தீர 18 ஆண்டுகள் ஆகும். அந்த எண்ணுக்கு ஒரு பொருள் உண்டு: அத்தனை மணி நேரம் கழித்து வெளிச்சம் பாதியாகியிருக்கும் என்பது. அதுவரை புத்தம் புதிதாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது. விளக்கு போனால் புதிது வாங்கி வீட்டிலேயே மாற்றலாம். லேசர் தொகுதி போனால் சர்வீஸ் சென்டர்தான் கதி. உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் செலவைக் கேட்டுவிட்டுப் புதுக் கருவியே வாங்கிவிடலாம் என்று தோன்றும்.

ஒரு லேசரா, மூன்று லேசரா

வீட்டுக் கருவிகளில் இரண்டு பெரும் வகைகள் உண்டு. முதல் வகையில் நீல லேசர் மட்டுமே இருக்கும். அதன் கதிர்கள் மஞ்சள் பாஸ்பர் பூசிய பரப்பின் மேல் விழும். பாஸ்பர் அதை விழுங்கி மஞ்சள் ஒளியாகத் திருப்பித் தரும். அந்த மஞ்சளைப் பிரித்தால் சிவப்பும் பச்சையும் கிடைக்கும். மாறாமல் தப்பிய நீலம் மூன்றாவது நிறம். எளிமையான, நம்பகமான, விலை குறைந்த ஏற்பாடு. ஆனால் பாஸ்பர் தரும் ஒளி ஒரு பரந்த பட்டை. அதிலிருந்து எடுக்கும் சிவப்பில் ஆரஞ்சு கலந்திருக்கும். திரையரங்குகள் பயன்படுத்தும் பி3 நிறப் பரப்பை எட்ட வேண்டுமானால் இடையில் ஒரு வடிகட்டி போட வேண்டும். போட்டால் நிறம் வரும், வெளிச்சத்தில் ஒரு பங்கு போகும்.

இரண்டாவது வகையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி லேசர். மூன்றும் மிகக் குறுகிய அலைநீளத்தில் ஒளிர்வதால் நிறம் அடர்த்தியாக இருக்கும். 2012-ல் வெளியான பிடி.2020 என்ற தரநிலை 630, 532, 467 நானோமீட்டர் என்று தூய நிறங்களையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. அந்தப் பரப்பை ஏறக்குறைய முழுமையாக எட்டக்கூடிய சில வீட்டுத் திரைக் கருவிகளில் ஒன்று மூன்று லேசர் புரொஜெக்டர். விலை உயர்ந்த டிவிக்களில் பலவும் அங்கே பின்தங்குகின்றன. பட்டுச் சேலையின் அரக்குச் சிவப்பும் மயில்கழுத்துப் பச்சையும் இதில் பிழைத்து வரும் அளவுக்கு மற்றதில் வராது.

இந்தத் தூய்மைக்கு இரண்டு விலைகள் உண்டு. முதலாவது ஸ்பெக்கிள் என்று துறையினர் சொல்லும் மினுமினுப்பு. லேசரின் ஒளி அலைகள் ஒரே ஒழுங்கில் புறப்படுபவை. நுண்ணிய மேடுபள்ளங்கள் கொண்ட திரையில் பட்டுச் சிதறும்போது அவை ஒன்றோடொன்று மோதி, சில இடங்களில் கூடியும் சில இடங்களில் கழிந்தும் விழித்திரையில் பொடிப்பொடியாகத் தெரியும். வெறும் சிவப்பு நிறத்தைத் திரை முழுக்க நிறைத்துவிட்டு, தலையை இடமும் வலமும் மெதுவாக அசைத்தால் அந்தப் பொடிகளும் கூடவே நகர்வது தெரியும். திரையில் படிந்த அழுக்காக இருந்தால் அது இருந்த இடத்திலேயே இருக்கும். இது பார்ப்பவரின் கண்ணுக்குள் உருவாவதால் ஆளோடு நகர்கிறது. ஒளிப் பாதையில் சுழலும் அல்லது அதிரும் பரப்பியை வைத்து இதைக் குறைக்கிறார்கள். குறையும், ஒழியாது. சொரசொரப்பான வெள்ளைத் திரையில் அடங்கியிருக்கும் ஸ்பெக்கிள், அறை வெளிச்சத்தைத் தள்ளிவிடும் சிறப்புத் திரைகளில் மறுபடி தலைகாட்டும். பாஸ்பர் வகையில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

இரண்டாவது விலை இன்னும் விசித்திரமானது. நிறத்தை அளக்கும் கருவிகள் எல்லாம் 1931-ல் வகுக்கப்பட்ட ‘சராசரி மனிதக் கண்’ணை நம்பி இயங்குகின்றன. பரந்த பட்டை ஒளியில் அந்தச் சராசரிக்கும் நிஜ மனிதர்களுக்கும் உள்ள வேறுபாடு அமுங்கிவிடும். ஊசி போன்ற குறுகிய அலைநீளங்களில் அது வெளியே வந்துவிடுகிறது. ஒரே திரையின் வெள்ளை கணவருக்குச் சரியாகவும் மனைவிக்கு லேசான இளஞ்சிவப்பு ஏறியும் தெரியலாம். இருவர் கண்ணிலும் கோளாறு கிடையாது. கருவியை அளந்து சரிசெய்யும் நிபுணர் கடைசியில் அளவுக் கருவியை ஒதுக்கிவிட்டு, வீட்டுக்காரரின் கண்ணை நம்பி வெள்ளையைத் திருத்துவது மூன்று லேசர் கருவிகளில் நடக்கிறது.

படத்தை உருவாக்கும் சிப்

தரத்தைத் தீர்மானிக்கும் இடம் இதுதான். மூன்று தொழில்நுட்பங்கள் போட்டியில் உள்ளன.

டிஎல்பி சிப்பை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் 1987-ல் உருவாக்கினார். சினிமாவை மாற்றியதற்காக 2015-ல் ஆஸ்கர் அகாடமியின் அறிவியல், தொழில்நுட்ப விருதும் அவருக்குக் கிடைத்தது. விரல் நகம் அளவு சிப்பின் மேல் லட்சக்கணக்கான நுண்ணிய கண்ணாடிகள். வீட்டுக் கருவிகளில் அதிகம் புழங்கும் 0.47 அங்குல சிப்பில் ஒரு கண்ணாடியின் அகலம் சுமார் 5.4 மைக்ரான்; ஒரு தலைமுடியின் தடிமனில் பத்துக்கு மேற்பட்டவை வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒளி லென்ஸுக்குப் போகும், மறுபக்கம் சாய்ந்தால் ஒளி வீணாக உறிஞ்சப்படும். நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இந்தச் சாய்வு நடக்கிறது. எவ்வளவு நேரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதே கண்ணுக்கு வெளிச்ச அளவாகத் தெரிகிறது. சிப் ஒன்றே என்பதால் மூன்று நிறங்களும் ஒன்றன் மேல் ஒன்று பிசகாமல் விழும். படம் கத்தி போல் கூர்மையாக இருக்கும். அதே காரணத்தால் மூன்று நிறங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் காட்ட முடியும். கண்ணை வேகமாக ஓட்டும்போது வெள்ளை எழுத்துகளின் ஓரத்தில் வானவில் கீற்று சிலருக்குத் தெரிவது இதனால்தான். பலருக்குத் தெரியவே தெரியாது. தெரிகிறவர்களுக்குப் படம் முழுக்க அது மட்டும்தான் தெரியும். வாங்குவதற்கு முன் வீட்டில் உள்ள எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

டிஎல்பியின் நிஜமான பலவீனம் கறுப்பு. கண்ணாடி ஒளியைத் திருப்பிவிட்டாலும் அதன் விளிம்புகளிலும் இடுக்குகளிலும் பட்ட ஒளி சிதறி லென்ஸுக்குள் நுழைந்துவிடுகிறது. அதனால் அதன் இயல்பான கான்ட்ராஸ்ட், அதாவது முழு வெள்ளைக்கும் முழுக் கறுப்புக்கும் உள்ள விகிதம், வீட்டுக் கருவிகளில் பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் நின்றுவிடுகிறது.

எப்சன் பல காலமாக ஆண்டுவரும் 3எல்சிடி முறையில் மூன்று நிறங்களுக்கும் தனித்தனித் திரவப் படிகத் தகடுகள். நிறங்கள் ஒரே நேரத்தில் விழுவதால் வானவில் கீற்று கிடையாது. நிற வெளிச்சமும் வெள்ளை வெளிச்சமும் சமமாக இருக்கும். மூன்று தகடுகளும் மயிரிழை பிசகினால் ஓரங்களில் நிறம் கசியும். விலையைப் பார்த்தால் இது நடுத்தரக் குடும்பத்து நல்ல பிள்ளை.

மூன்றாவது எல்கோஸ். சிலிக்கன் தகட்டின் மேல் திரவப் படிகத்தைப் பரப்பி, ஒளியை ஊடுருவ விடாமல் திருப்பி அனுப்பும் முறை. ஜேவிசி இதை டி-ஐஎல்ஏ என்றும் சோனி எஸ்எக்ஸ்ஆர்டி என்றும் அழைக்கின்றன. கறுப்பில் இதற்கு நிகர் இல்லை. 2021-ல் அறிவிக்கப்பட்ட ஜேவிசி வரிசையில் என்இசட்7-க்கு 40,000:1, என்இசட்8-க்கு 80,000:1, என்இசட்9-க்கு 100,000:1 என்று நிறுவனம் குறிப்பிட்டது. இவை லேசரை மங்கச் செய்யாமல் கிடைக்கும் இயல்பான கான்ட்ராஸ்ட். இதற்கான விலை பணத்தில் மட்டும் முடிவதில்லை. இந்த வரிசைக் கருவிகளின் எடை 20 கிலோவைத் தாண்டும், சீலிங்கில் மாட்ட உறுதியான தாங்கி வேண்டும். பாஸ்பர் லேசர் என்பதால் நிறத்தில் மூன்று லேசர் கருவிகளிடம் இது தோற்கிறது. நிறத்தின் ராஜாவும் கறுப்பின் ராஜாவும் இன்னும் ஒரே பெட்டிக்குள் மலிவாகக் குடிபுகவில்லை.

4கே விவகாரத்தைச் சீக்கிரமே முடித்துவிடலாம். 4கே என்றால் 83 லட்சம் பிக்சல். 0.47 அங்குல டிஎல்பி சிப்பிலோ எல்எஸ்12000-இன் தகட்டிலோ உண்மையில் இருப்பது 20.7 லட்சம், படத்தை அரை பிக்சல் அளவுக்கு நான்கு திசைகளில் நகர்த்தி மீதியை நிரப்புகிறார்கள். ஜேவிசியும் சோனியும் தங்கள் உயர்ந்த வகைகளில் நிஜமான 4கே பிக்சல்களையே தருகின்றன. ‘போலி 4கே’ என்று அந்த நகர்த்தலைப் பற்றி நடக்கும் சண்டைக்கு அவ்வளவு அர்த்தம் இல்லை. 120 அங்குலத் திரையில் ஒரு 4கே பிக்சலின் அகலம் 0.69 மில்லிமீட்டர். 3.5 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் நல்ல பார்வை உள்ளவருக்கே ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான விவரத்தைப் பிரித்துப் பார்ப்பது கடினம். மூலை வரை சீராக ஃபோகஸ் ஆகும் நல்ல லென்ஸுக்குக் கொடுக்கும் காசு, நிஜமான 4கே என்ற முத்திரைக்குக் கொடுப்பதைவிடப் பலன் தரும்.

கறுப்பு ஏன் இவ்வளவு முக்கியம்

புரொஜெக்டர் கறுப்பை வரைவதில்லை. வெளிச்சம் விழாத இடம்தான் கறுப்பு. அங்கே கொஞ்சம் கசிந்தாலும் அது சாம்பல். தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை 2.39:1 என்ற அகலத் திரை வடிவத்தில் எடுக்கப்படுகின்றன. 16:9 திரையில் அவற்றைப் போட்டால் மேலும் கீழும் இரண்டு பட்டைகள் மிஞ்சும். பரப்பில் கால்வாசி அவையே. இருட்டறையில் அந்தப் பட்டைகள் சுவரோடு மறைந்துவிட்டால் கருவி நல்ல கருவி. இரண்டு சாம்பல் பலகைகளாகத் தொங்கினால், படத்தில் உள்ள ஒவ்வொரு நிழலிலும் அதே சாம்பல் கலந்திருக்கிறது என்று பொருள்.

எண்ணில் சொன்னால் இன்னும் தெளிவு. திரையில் வெள்ளை 120 நிட் (பிரகாசத்தின் அலகு) என்று வைத்துக்கொண்டால், 1,000:1 கருவியின் கறுப்பு 0.12 நிட். 40,000:1 கருவியின் கறுப்பு 0.003 நிட். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு முதலாவது பளிச்சென்று தெரியும் சாம்பல்.

இந்த இடைவெளியை மூட லேசர் ஒரு வித்தை செய்கிறது. விளக்கை நினைத்த மாத்திரத்தில் மங்கச் செய்ய முடியாது. அதனால் பழைய கருவிகளில் ஐரிஸ் என்ற கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தது. லேசரின் மின்னோட்டத்தைக் கண் இமைக்கும் நேரத்துக்குள் குறைக்கலாம், அடியோடு அணைக்கவும் செய்யலாம். காட்சி முழுவதும் இருட்டாக இருந்தால் லேசரைப் பத்தில் ஒரு பங்காக்கினால் கறுப்பும் பத்து மடங்கு ஆழமாகும். பெட்டியில் ‘20 லட்சத்துக்கு ஒன்று’ என்றோ ‘எல்லையற்ற கான்ட்ராஸ்ட்’ என்றோ அச்சிடுவது இந்தக் கணக்கை வைத்துத்தான்: ஒரு சட்டகத்தின் வெள்ளையையும், லேசரையே அணைத்த வேறொரு சட்டகத்தின் கறுப்பையும் ஒப்பிட்டுப் பெற்ற எண். கருமேகத்தின் நடுவே முழு நிலா இருக்கும் ஒரே சட்டகத்தில் லேசரால் ஒன்றும் செய்ய முடியாது. நிலாவுக்காகக் கூட்டினால் மேகமும் வெளுக்கும்.

இந்த வித்தையின் குட்டு வெளிப்படும் இடம் சப்டைட்டில். நள்ளிரவுக் காட்சி ஓடுகிறது, லேசர் தணிந்திருக்கிறது, காடு நன்றாகக் கறுத்திருக்கிறது. அடியில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வசனம் வருகிறது. லேசர் எழுத்துக்காகச் சட்டென்று ஏறுகிறது. காடு முழுக்க ஒரு சாம்பல் மூச்சு விடுகிறது. வரி மறைந்ததும் மறுபடி இருட்டு. அடுத்த வரி வந்ததும் மறுபடி வெளுப்பு. இயல்பான கான்ட்ராஸ்ட் அதிகமுள்ள கருவியில் லேசரை லேசாக அசைத்தாலே போதும் என்பதால் இது கண்ணில் படாது. குறைந்த கருவியில் மெனுவுக்குள் போய் டைனமிக் கான்ட்ராஸ்ட்டைக் கடைசிப் படிக்கு இறக்கிவைப்பதே நிம்மதி.

லூமென் என்னும் மாயை

வெளிச்சத்தை ஐஎஸ்ஓ 21118 என்ற தரநிலையின்படி, திரையின் ஒன்பது இடங்களில் அளந்து சொல்ல வேண்டும். நல்ல நிறுவனங்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆன்லைனில் பத்தாயிரம் ரூபாய்க்கு ‘20,000 லூமென்’ என்று விற்பவை எந்தத் தரநிலைக்கும் கட்டுப்பட்டவை அல்ல. அவற்றை இந்தக் கட்டுரை கணக்கில் எடுக்கவில்லை. நேர்மையான எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டியில் உள்ள லூமென் பெரும்பாலும் பச்சை ஏறிய ‘டைனமிக்’ போன்ற பயன்முறையில் கிடைப்பது. சினிமாவுக்கான சரியான நிறத்துக்கு மாற்றினால் அதில் கணிசமான பங்கு காணாமல் போகும்.

சரி, எவ்வளவு வேண்டும்? நிறத்தைச் சரிசெய்த பின் 1,500 லூமென் மிஞ்சும் கருவி, சாதாரண வெள்ளைத் திரையில் 100 அங்குலத்துக்கு ஏறக்குறைய 173 நிட், 120 அங்குலத்துக்கு 120 நிட், 150 அங்குலத்துக்கு 77 நிட் தரும். டிஜிட்டல் சினிமாவுக்கான தரநிலை திரையரங்கில் கேட்பது 48 நிட்தான். இருட்டில் கண் அதற்குப் பழகிக்கொள்கிறது. 2,000 லூமென்னுக்கும் 2,500 லூமென்னுக்கும் உள்ள வேறுபாட்டை அருகருகே வைத்தால்தான் கண்டுபிடிக்க முடியும்; ஏனென்றால் ஒளி இரட்டிப்பானாலும் கண் அதை இரட்டிப்பாக உணர்வதில்லை.

வெளிச்சம் உண்மையிலேயே போதாமல் போகும் இடம் எச்டிஆர், அதாவது பிரகாச வீச்சைக் கூட்டிய படம். இந்த வகைப் படங்கள் 1,000 நிட், சில 4,000 நிட் உச்சத்தை மனத்தில் வைத்து நிறத் திருத்தம் செய்யப்படுகின்றன. நல்ல டிவி அந்த உச்சத்தைத் தொடும். 120 நிட் தரும் புரொஜெக்டர் அதைச் சுருக்கித்தான் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் சமமாகச் சுருக்கினால் முகங்கள் இருண்டுவிடும். உச்சியை வெட்டினால் மேகங்கள் வெள்ளைத் திட்டாகும். காட்சிக்குக் காட்சி அளந்து சுருக்கும் மென்பொருள்தான் இங்கே கருவிகளைத் தரம் பிரிக்கிறது. ஜேவிசி 2019-ல் கொண்டுவந்த ஃபிரேம் அடாப்ட் எச்டிஆர் இதில் ஒரு திருப்பம். மேட்விஆர் போன்ற தனிப் பெட்டிகள் இதையே இன்னும் நேர்த்தியாகச் செய்கின்றன, புரொஜெக்டரின் விலைக்கு நிகரான விலையில்.

அறைதான் பாதி புரொஜெக்டர்

ஒரு சிறு கணக்கு, மேலே பேசிய பெரிய எண்களை எல்லாம் தரைக்குக் கொண்டுவந்துவிடும். அறையின் மூலையில் ஒரு மங்கல் விளக்கு எரிகிறது. திரையின் மேல் 10 லக்ஸ் ஒளி விழுகிறது. வெள்ளைத் திரை அதைச் சுமார் 3.2 நிட்டாகத் திருப்பித் தரும். இனி கறுப்பு என்பது அந்த 3.2 நிட்தான். 120 நிட் வெள்ளையோடு ஒப்பிட்டால், 40,000:1 கருவியின் கான்ட்ராஸ்ட் திரையில் 38:1. 1,000:1 கருவியினுடையது 37:1. பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய வேறுபாடு ஒற்றை விளக்கில் காணாமல் போய்விட்டது. டியூப்லைட் எரியும் ஹாலில் திரையின் மேல் 100 லக்ஸ் விழுந்தால் இரண்டுமே 5:1-க்குக் கீழே.

விளக்கை எல்லாம் அணைத்த பிறகும் ஒரு எதிரி மிச்சம்: திரையே. அது வீசும் ஒளி வெள்ளைச் சுவரிலும் வெள்ளை சீலிங்கிலும் பளபளக்கும் டைல்ஸ் தரையிலும் பட்டுத் திரைக்கே திரும்பி வரும். வெளிச்சமும் இருட்டும் கலந்த காட்சிகளில் இது கறுப்பைக் கரைத்துவிடும். திரைக்கு அருகே உள்ள சுவர்களுக்கும் சீலிங்குக்கும் பளபளப்பில்லாத அடர்நிறப் பூச்சு, தரையில் ஒரு கம்பளம், ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை. அதிகச் செலவில்லாத இந்த வேலை, கருவியில் அடுத்த மாடலுக்குத் தாவுவதைவிட அதிகம் தரும். பெயின்டரைக் கூப்பிடச் சம்மதிக்காத குடும்பங்களில் கறுப்பு வெல்வெட் துணியைத் திரையைச் சுற்றி மாட்டிச் சமாளிப்பவர்களும் உண்டு.

வெளிச்சமான ஹாலைக் கைவிட முடியாதவர்களுக்காக வந்தது அல்ட்ரா ஷார்ட் த்ரோ வகை. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, டிவி மேசையில் வைத்தாலே 100 அங்குலப் படம் வரும். சாம்சங் 2020-ல் வெளியிட்ட பிரீமியர் மூன்று லேசரோடு இந்த வகையைப் பிரபலப்படுத்தியது. இதற்கென்றே வரும் திரையில் நுண்ணிய படிக்கட்டு வரிகள் இருக்கும். கீழிருந்து வரும் படத்தை முன்னே அனுப்பி, மேலிருந்து வரும் டியூப்லைட் வெளிச்சத்தை விலக்கிவிடும். நல்ல ஏற்பாடு, ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்தால் படம் மங்கும், ஸ்பெக்கிள் கூடும், திரையின் விலையும் கணிசம். அவ்வளவு சாய்வாக ஒளி விழுவதால் திரையில் ஒரு மில்லிமீட்டர் சுருக்கம் இருந்தாலும் நேர்கோடு அலையாகிவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: லென்ஸ் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. யாராவது குனிந்து எட்டிப் பார்த்தால் ஒளியைக் குறைக்கும் சென்சார் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

சீலிங்கில் மாட்டும் வகையில் லென்ஸ் ஷிஃப்ட் உள்ளதா என்பது முக்கியம். லென்ஸையே நகர்த்திப் படத்தை ஏற்றி இறக்கினால் தரம் குறையாது. அந்த வசதி இல்லாத கருவிகள் கோணலான படத்தைக் கீஸ்டோன் என்ற டிஜிட்டல் முறையில் நிமிர்த்தும். அதற்காகச் சில பிக்சல்களைப் பலி கொடுக்கும், வெளிச்சமும் குறையும். ‘தானே நிமிர்த்திக்கொள்ளும்’ என்று விளம்பரத்தில் பெருமையாகச் சொல்வது இந்தப் பலியைத்தான்.

சத்தமும் வெப்பமும் மிச்சம். முழு ஒளியில் விசிறி இரைச்சல் அமைதியான காட்சிகளில் கேட்கும். லேசர் திறனை ஒரு படி குறைத்தால் அடங்கும். ஆயுளும் நீளும். பெரும்பாலான வீட்டுக் கருவிகள் 35 டிகிரி வரையிலான அறை வெப்பத்துக்கு வடிவமைக்கப்பட்டவை. சென்னையின் மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில், மூடிய அலமாரிக்குள் வைத்து ஓட்டினால் கருவி தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும் அல்லது நின்றுவிடும். சிவப்பு லேசர் டயோடு வெப்பத்துக்கு மற்ற இரண்டையும்விட அஞ்சும் என்பதால், மூன்று லேசர் கருவிகளுக்குக் காற்றோட்டம் இன்னும் அவசியம். லேசரில் கரண்ட் போனால் விளக்குக்கு வந்த ஆபத்து இல்லை. இருந்தாலும் மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் ஒரு யுபிஎஸ் வீண் செலவாகாது.

யாருக்கு எது

இருட்டாக்க முடியாத ஹால், 85 அங்குலம் போதும் என்கிற குடும்பம், கிரிக்கெட்டும் செய்தியும்தான் அதிகம்: இவர்கள் டிவி வாங்க வேண்டும். பெரிய டிவிக்களின் விலை இறங்கியிருக்கும் இன்றைய நிலையில் இதில் விவாதமே இல்லை. அதே ஹாலில் 100 அங்குலத்துக்கு மேல் வேண்டும், அவ்வளவு பெரிய டிவி லிஃப்டில் ஏறாது என்றால் மூன்று லேசர் அல்ட்ரா ஷார்ட் த்ரோ, அதற்குரிய திரையோடு. திரை இல்லாமல் வெறும் சுவரில் போடுவது பாதிக் காசைக் கொட்டிக் கவிழ்ப்பது.

தனி அறை, முழு இருட்டு, படம்தான் நோக்கம் என்றால் பாஸ்பர் லேசர் கொண்ட 3எல்சிடி நியாயமான தொடக்கம். பட்ஜெட் அனுமதித்தால் எல்கோஸ். மூன்று லேசர் டிஎல்பியின் நிறத்துக்கு மயங்கி அதை இருட்டறையில் வைப்பவர்கள் பாடல் காட்சிகளில் மகிழ்ந்து இரவுக் காட்சிகளில் வருந்துவார்கள். வீடியோ கேம் பிரியர்கள் மட்டும் தாமத நேரம் குறைவாக உள்ள டிஎல்பியைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

கடைகளில் ஓடும் டெமோ வீடியோவில் பூக்களும் பஞ்சவர்ணக்கிளிகளும் கடற்கரைகளும்தான் இருக்கும்; எந்தக் கருவியும் அதில் அழகாகத் தெரியும். வாங்கப் போகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரு படத்தின் இரவுக் காட்சியைச் சப்டைட்டிலோடு, கடையின் விளக்குகளை அணைக்கச் சொல்லி, சினிமா பயன்முறையில் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அதற்குச் சம்மதிக்காத கடையில் லட்ச ரூபாய்ப் பொருளை வாங்காதீர்கள்.